கன்னத்துச் செல் ஏன் தெரியவில்லை? எட்டாவது படிக்கும் பிள்ளைக்கு வீட்டிலேயே என்னென்ன காட்டலாம்

பெங்களூரு முருகேஷ்பாளையாவிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகள் எட்டாவது படிக்கிறாள். பள்ளியில் கன்னத்துச் செல் பார்க்கும் செய்முறை நடந்தது, வகுப்பு முழுக்கப் பிள்ளைகள், மைக்ரோஸ்கோப் இரண்டோ மூன்றோ, இவள் முறை வந்தபோது கறுப்பு வளையங்கள் மட்டும்தான் தெரிந்தன, கடைசியில் எல்லாரும் புத்தகத்துப் படத்தைப் பார்த்து ரெக்கார்டில் வரைந்து கொடுத்துவிட்டார்கள். வீட்டிலேயே பார்க்க வைக்கலாமா, ஆன்லைனில் 2000 மடங்கு பெரிதாக்கும் என்று போட்டிருப்பதை வாங்கலாமா, கோழிக்கறியில் திசு தெரியுமா, விரலைக் குத்தி ரத்தம் பார்ப்பது சரியா என்பதுதான் கேள்வி.

இதே ஊரில் பள்ளி உயிரியல் ஆய்வகத்தில்தான் பல வருடமாக எனக்கு வேலை, ஆறாவதிலிருந்து பத்தாவது வரை பிள்ளைகள் மைக்ரோஸ்கோப்பில் தடுமாறுவதைத் தினமும் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வீட்டில் தாராளமாகப் பார்க்கலாம். 2000 மடங்கு தேவையே இல்லை, 400 போதும், பாதி விஷயங்களுக்கு 100 போதும். உங்கள் மகளுக்குச் செல் தெரியாமல் போனதற்கு அதன் சிறிய அளவு காரணம் இல்லை. கன்னத்துச் செல் ஒன்று சுமார் 60 மைக்ரான் அகலம் இருக்கும் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), நம் தலைமுடியின் தடிமனும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பிரச்சினை என்னவென்றால் அந்தச் செல்லுக்கு நிறம் இல்லை. உள்ளே பெரும்பகுதி தண்ணீர், சுற்றிலும் மெல்லிய சவ்வு, அதையும் தண்ணீரில் மிதக்க விட்டுப் பார்க்கிறோம். ஒளி செல்லுக்குள் நுழைந்து வந்தாலும் சரி, பக்கத்துத் தண்ணீர் வழியாக வந்தாலும் சரி, கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் படும். வெங்காயத் தோலில் இந்தத் தொல்லை கிடையாது, அங்கே கெட்டியான செல் சுவர் கோடு போட்டுக் காட்டிவிடும். விலங்குச் செல்லுக்கு அந்தச் சுவர் இல்லை. நாம்தான் சாயம் போட்டும் வெளிச்சத்தைக் குறைத்தும் அதை வேறுபடுத்திக் காட்ட வேண்டும். இதைச் செய்யாமல் எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் வெறும் வெள்ளை வட்டம்தான் பெரிதாகும்.

பெரிய விஞ்ஞானிகளையே இது ரொம்ப காலம் காக்க வைத்தது. ராபர்ட் ஹூக் தக்கையைச் சீவிப் பார்த்து அதில் இருந்த சின்னச் சின்ன அறைகளை 1665-இல் வெளியிட்டார். தாவரங்கள் எல்லாமே செல்களால் ஆனவை என்று ஷ்லைடன் சொன்னது 1838-இல், விலங்குகளும் அப்படித்தான் என்று ஷ்வான் விரிவாக எழுதியது 1839-இல். நடுவில் 170 வருடத்துக்கு மேல் போய்விட்டது. அந்தக் காலத்து லென்ஸ்கள் எதைப் பார்த்தாலும் ஓரத்தில் வண்ணப் பட்டை அடித்தன, 1830 வாக்கில் ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் அதைச் சரிசெய்ய வழி காட்டிய பிறகுதான் விலங்குத் திசுக்களை நம்பிப் பார்க்க முடிந்தது. ஷ்வான் தன் வாதத்துக்கு முக்கியமாக எடுத்துக்கொண்டது குருத்தெலும்பு. காரணம், குருத்தெலும்பில் செல்களின் எல்லை தெளிவாகத் தெரியும். அதை உங்கள் வீட்டு மேசையிலேயே எப்படிப் பார்ப்பது என்று கீழே சொல்கிறேன்.

உங்கள் மகள் பார்த்த கறுப்பு வளையங்கள் காற்றுக் குமிழிகள். கன்னத்துச் செல் செய்முறையில் பிள்ளைகள் கையை உயர்த்தி "மிஸ், செல் தெரியுது" என்று கூப்பிடும்போது பாதி நேரம் இதுதான் இருக்கும். கச்சிதமான வட்டம், தடித்த கறுப்பு ஓரம், நடுவில் பளிச்சென்று வெறுமை என்றால் அது குமிழி. நிஜமான கன்னத்துச் செல் ஒழுங்கான வட்டமாக இருக்கவே இருக்காது, ஓரம் கோணல்மாணலாக இருக்கும், சில இடங்களில் மடிந்திருக்கும், நடுவிலோ கொஞ்சம் தள்ளியோ ஒரு நீலப் புள்ளி உட்கரு. ஸ்லைடின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டான கவர் ஸ்லிப்பைத் தட்டையாகப் பொத்தென்று போட்டால் குமிழி வரத்தான் செய்யும். ஒரு விளிம்பை முதலில் சொட்டின் ஓரத்தில் தொட வைத்து, மறுபக்கத்தை ஊசியில் தாங்கி மெதுவாக இறக்க வேண்டும்.

சரி, செய்முறை. பள்ளிப் புத்தகங்களில் பல்குச்சியால் கன்னத்தைச் சுரண்டச் சொல்லியிருக்கும், நான் காது துடைக்கும் பஞ்சுக் குச்சியைத்தான் கொடுப்பேன், காயம் வராது. வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, புதுக் குச்சியைக் கன்னத்தின் உள்பக்கம் வைத்து நாலைந்து முறை உருட்டித் தேய்க்க வேண்டும். அதை ஸ்லைடின் நடுவில் மெல்லிசாகப் பூச வேண்டும், மொத்தமாகக் குவித்தால் செல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி எதுவும் பிரியாது. ஓரிரு நிமிடம் காற்றில் காயட்டும். பிறகு ஒரு சொட்டுச் சாயம், ஒன்றிரண்டு நிமிடக் காத்திருப்பு, கவர் ஸ்லிப். மேலதிகச் சாயத்தை வெளியே எடுக்க, கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் ஒரு சொட்டு சலைன் விட்டு எதிர் ஓரத்தில் டிஷ்யூ பேப்பரைத் தொட வைத்தால் அதுவே உறிஞ்சி இழுத்துக்கொள்ளும். சலைன் என்பது மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 0.9 சதவீத உப்புக் கரைசல்தான், நம் உடல் திரவத்தின் அளவுக்குப் பொருந்துவதால் செல் ஊதிப்போகாமல் இருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் பெங்களூருக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் ஏரியாவில் போர்வெல் தண்ணீர் என்றால் அதை ஸ்லைடு கழுவவோ சாயம் கலக்கவோ பயன்படுத்தாதீர்கள். அதிலிருக்கும் உப்பு காய்ந்ததும் குட்டிக் குட்டிப் படிகங்களாகக் கண்ணாடியில் உட்கார்ந்துவிடும், மைக்ரோஸ்கோப்பில் அவை பளபளவென்று தெரியும், பிள்ளை அதைத்தான் முதலில் வரையும். ஆர்ஓ தண்ணீரோ கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரோ போதும்.

சாயத்துக்கு மெத்திலீன் நீலம். இதைத் தேடி அலைய வேண்டாம், அலங்கார மீன் விற்கும் கடைகளில் மீனுக்கு வரும் பூஞ்சை நோய்க்கு மருந்தாக வைத்திருப்பார்கள். அது கெட்டியாக இருக்கும், சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விட்டு, ஒரு வெள்ளைத் தட்டில் வைத்துப் பார்த்தால் அடி தெரிகிற அளவு நீலமாக ஆகும்வரை நீர்க்கச் செய்யுங்கள். கையிலும் டைல்ஸிலும் பட்டால் லேசில் போகாது, பழைய துணி, பழைய செய்தித்தாள் எல்லாம் விரித்துக்கொண்டு உட்காருங்கள். 1876-இல் ஜெர்மனியில் ஹைன்ரிஷ் காரோ இதைத் தயாரித்தார், அப்போது இதற்கு வேலை துணிக்கு நிறமேற்றுவது. இதன் மூலக்கூறுக்கு நேர்மின் சுமை, உட்கருவில் இருக்கும் டிஎன்ஏவுக்கு எதிர்மின் சுமை, அதனால்தான் சாயம் உட்கருவில் அதிகமாகப் போய் ஒட்டிக்கொள்கிறது, உட்கருவைச் சுற்றியிருக்கும் சைட்டோபிளாசம் வெளிர் நீலத்தோடு நின்றுவிடுகிறது. உங்கள் மகள் "ஏன் நடுவில் மட்டும் அடர்த்தியா இருக்கு" என்று கண்டிப்பாகக் கேட்பாள், அப்போது இதைச் சொல்லுங்கள். மெத்திலீன் நீலம் கிடைக்கவில்லையென்றால் காயத்துக்குப் போடும் பீட்டாடைன் திரவத்தை நீர்க்கச் செய்து பயன்படுத்தலாம், மஞ்சள் பழுப்பாகத் தெரியும், ஆனால் உட்கரு அவ்வளவு எடுப்பாக வராது.

அடுத்தது வெளிச்சம். மேடைக்குக் கீழே டயாஃப்ரம் என்று ஒன்று இருக்கும், ஒரு சின்ன நெம்புகோலோ துளைகள் போட்ட சுழல் தட்டோ. பெரும்பாலான வகுப்புகளில் அதை யாரும் தொடுவதே இல்லை, முழுக்கத் திறந்தே கிடக்கும். வெளிச்சம் அதிகமானால் நன்றாகத் தெரியும் என்று நினைக்கிறார்கள், விலங்குச் செல்லுக்கு அது நேர் எதிர். டயாஃப்ரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வாருங்கள், ஒரு கட்டத்தில் இல்லாதிருந்த ஓரங்கள் எழுந்து வரும், சவ்வின் மடிப்பு கூடத் தெரியும். அந்த நேரத்தில் பிள்ளையின் கையை அந்த நெம்புகோலில் வைத்து அவளையே திறந்து மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். மொத்தச் செய்முறையிலும் மிக முக்கியமான அரை நிமிடம் அதுதான் என்று நான் நினைக்கிறேன், அதைக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு அப்புறம் எந்த மைக்ரோஸ்கோப்பைக் கொடுத்தாலும் பயம் இருக்காது. விளக்குக்குப் பதிலாக வெளிச்சத்தைத் திருப்பிவிடும் கண்ணாடி வைத்த மாடல் என்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஊர் மேகமூட்டத்தை நம்ப முடியாது, மேசை விளக்கை எதிரே வையுங்கள். கண்ணாடியை நேராகச் சூரியனை நோக்கித் திருப்பவே கூடாது, கண் போய்விடும்.

போகஸ் பண்ணும்போது எப்போதும் 4எக்ஸ் லென்ஸில் ஆரம்பிக்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து பார்த்துக்கொண்டே ஸ்லைடை லென்ஸுக்கு அருகில் கொண்டுபோய், பிறகு கண்ணை வைத்து விலக்கிக்கொண்டே போனால் படம் வரும். அப்புறம் 10, அப்புறம் 40. கண் வைக்கும் ஐபீஸ் 10எக்ஸ் என்றால் இரண்டையும் பெருக்கி 40, 100, 400 மடங்கு என்று கணக்கு. 40-க்குப் போன பிறகு பெரிய திருகைத் தொடக் கூடாது, சின்னத் திருகு மட்டும். அந்த லென்ஸ் ஸ்லைடுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி இல்லாமல் நிற்கும், பெரிய திருகைத் திருப்பினால் கவர் ஸ்லிப் நொறுங்கும், லென்ஸிலும் கீறல் விழும். ஸ்லைடைத் தலைகீழாக வைத்திருந்தால் 10 வரை தெரியும், 40-இல் என்ன செய்தாலும் போகஸ் ஆகாது, லென்ஸுக்கும் செல்லுக்கும் நடுவில் ஸ்லைடின் முழுத் தடிமனும் வந்துவிடுகிறதே. மைக்ரோஸ்கோப் கெட்டுவிட்டது என்று புகார் வரும்போது நான் முதலில் பார்ப்பது ஸ்லைடு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத்தான்.

இப்போது எதெல்லாம் தெரியும், எதெல்லாம் தெரியாது என்று சொல்கிறேன், ரெக்கார்டு விஷயம் இதில்தான் வருகிறது. 400 மடங்கில் கன்னத்துச் செல்லின் வெளி ஓரம் தெரியும், உட்கரு தெரியும், சைட்டோபிளாசத்தில் லேசான மணல் தூவிய தன்மை தெரியும். செல்லின் மேல் ஊசிமுனைப் புள்ளிகளாக அடர் நீலத்தில் சில ஒட்டிக்கொண்டிருந்தால் அவை பெரும்பாலும் வாயில் வாழும் பாக்டீரியாக்கள், பல்லில் படிந்த அழுக்கிலிருந்து அவற்றைப் பார்த்து லீவன்ஹூக் 1683-இல் கடிதம் எழுதினார். செல்லுக்குள் இருக்கும் இன்னும் சின்ன உறுப்புகள் தெரியாது: மைட்டோகாண்ட்ரியா தெரியாது. கோல்கை உறுப்புகள் தெரியாது, எண்டோபிளாச வலைப்பின்னல் தெரியாது, ரைபோசோம் தெரியவே தெரியாது. மைட்டோகாண்ட்ரியா ஒரு மைக்ரான் அகலம்கூட இருக்காது, தனிச் சாயமும் நல்ல லென்ஸும் இல்லாமல் பிரியாது, ரைபோசோமுக்கு எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வேண்டும். சாதாரண ஒளியால் 0.2 மைக்ரானுக்குக் கீழே இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட முடியாது, அது ஒளியின் அலைநீளம் போடும் எல்லை.

அதனால் "கன்னத்துச் செல், நான் பார்த்தது" என்ற தலைப்பில் மைட்டோகாண்ட்ரியாவோடு ஒரு படம் இருந்தால் அது அந்தப் பிள்ளை பார்த்தது இல்லை. இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. புத்தகத்துப் படம் பல கருவிகளால் பல வருடமாகத் தெரிந்துகொண்டதைச் சேர்த்து வரைந்த விளக்கப்படம், அதைப் படிக்க வேண்டும், தேர்வில் வரைய வேண்டும், அதில் மறுப்பு இல்லை. ஆனால் செய்முறைப் பக்கத்தில் கண்ணில் பட்டதை மட்டும் வரைய வேண்டும். மூன்று கோணல் செல்கள், ஒன்றில் உட்கரு தெளிவாக இல்லை, ஓரத்தில் ஒரு குமிழி என்று வரைந்து, குமிழிக்கு "காற்றுக் குமிழி" என்றே பெயர் எழுதி, கீழே 400 மடங்கு, மெத்திலீன் நீலம் என்று குறித்தால் அதுதான் சரியான ரெக்கார்டு. பென்சிலால் ஒற்றைக் கோடு, நிழல் தீட்ட வேண்டாம். ஆசிரியர் புத்தகத்துப் படம்தான் வேண்டும் என்றால் அதை எதிர்ப்பக்கத்தில் தனியாக வரைந்து "பாடப்புத்தக மாதிரி" என்று தலைப்புப் போடச் சொல்லுங்கள், இரண்டும் இருக்கும், சண்டையும் இல்லை.

அளவும் எடுக்க வையுங்கள், எட்டாவது பிள்ளைக்குக் கணக்கு வரும். ஐபீஸில் பார்க்கும் வட்டத்தின் அகலம் தெரிந்தால் போதும். ஐபீஸின் மேல் 18 என்று எண் இருந்தால் அதை ஆப்ஜெக்டிவின், அதாவது ஸ்லைடுக்குப் பக்கத்தில் இருக்கும் லென்ஸின், எண்ணால் வகுக்க வேண்டும்: 4எக்ஸில் 4.5 மில்லிமீட்டர், 10எக்ஸில் 1.8, 40எக்ஸில் 0.45, அதாவது 450 மைக்ரான். எண் இல்லையென்றால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அளவுகோலை 4எக்ஸில் வைத்து எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது என்று எண்ணி மற்றதைக் கணக்குப் போடலாம். வட்டத்தின் குறுக்கே எத்தனை கன்னத்துச் செல் பிடிக்கும் என்று அவள் மதிப்பிட்டு ஏழு அல்லது எட்டு என்று வந்தால் செல்லின் அகலம் 60 மைக்ரான் பக்கத்தில் வந்துவிடும். புத்தகத்தில் படித்த எண்ணைத் தானே கண்டுபிடித்தால் பிள்ளை முகத்தில் ஒரு மாற்றம் வரும், அதைப் பார்ப்பதற்காகவே நான் இந்தக் கணக்கை விடுவதில்லை.

எந்த மைக்ரோஸ்கோப் வாங்குவது? 1200, 2000 என்று அட்டைப்பெட்டியில் போட்டு வரும் பிளாஸ்டிக் மாடல்கள் வேண்டாம். ஒரு லென்ஸ் பயனுள்ள அளவில் எவ்வளவு பெரிதாக்கும் என்பது அதன் மேல் எழுதியிருக்கும் துளை எண்ணைப் பொறுத்தது, அதைத் தோராயமாக 1000-ஆல் பெருக்கினால் அதுதான் உச்சவரம்பு. பள்ளிகளில் இருக்கும் 40எக்ஸ் லென்ஸில் 0.65 என்று இருக்கும், ஆக 650-க்கு மேல் பெரிதாக்கினால் மங்கல்தான் பெரிதாகுமே தவிரப் புதிதாக எதுவும் தெரியாது. ஹரியானாவின் அம்பாலாவில் பள்ளி மைக்ரோஸ்கோப்கள் ஏராளமாகத் தயாராகின்றன, உலோக உடல், கண்ணாடி லென்ஸ், 4, 10, 40 என மூன்று ஆப்ஜெக்டிவ், ஒளியைக் குவிக்கும், டயாஃப்ரம் உள்ள கண்டென்சர் என்று கேட்டு வாங்குங்கள், சில ஆயிரத்தில் முடியும், பத்து வருடம் உழைக்கும். அந்தளவு செலவு வேண்டாம் என்றால் ஃபோல்டுஸ்கோப் இருக்கிறது, ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும் உருவாக்கி 2014-இல் அறிவித்த காகித மைக்ரோஸ்கோப், சுமார் 140 மடங்கு காட்டும், போன் கேமராவை அதில் ஒட்டவைத்துப் படம் எடுக்கலாம். மீன் செதிலுக்கும் தசை இழைக்கும் அது நன்றாக இருக்கும், கன்னத்துச் செல்லின் உட்கருவும் சாயம் போட்டால் புள்ளியாகத் தெரியும்.

இனி திசுக்கள். எட்டாவதில் செல்லோடு நிறுத்தினாலும் ஒன்பதாவதில் திசுக்கள் முழுப் பாடமாக வரும், இப்போதே காட்டிவிடுவது நல்லது. உடல் பரப்புகளை மூடும் எபிதீலியம், இணைப்பு, தசை, நரம்பு என்று நான்கு வகை மனப்பாடம் செய்வார்கள். வேடிக்கை என்னவென்றால் திசு என்ற எண்ணத்துக்கு வழி போட்ட பிரெஞ்சு மருத்துவர் பிஷா 1801 வாக்கில் 21 வகைத் திசுக்களைப் பிரித்தார், மைக்ரோஸ்கோப் இல்லாமலே, அறுத்தும் ஊறவைத்தும் வேகவைத்தும் ஒவ்வொன்றும் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தே. அதனால் பிள்ளை கறியைக் கையால் பிரித்துப் பார்ப்பதும் திசுப் பாடம்தான்.

எபிதீலியத்துக்கு இன்னொரு ஸ்லைடு சேர்த்துக்கொள்ளுங்கள். முன்கையில் செல்லோடேப்பை ஒட்டிப் பிய்த்து, அதை அப்படியே ஸ்லைடில் ஒட்டி, ஓரத்தில் சாயம் விட்டுப் பாருங்கள். தட்டைத் தட்டையாகச் செல்கள் வரும், ஆனால் உட்கரு இருக்காது. கன்னத்தில் இருக்கிறது, கையில் ஏன் இல்லை? தோலின் மேல் அடுக்கில் இருப்பவை கெராட்டின் என்ற புரதம் நிரம்பி இறந்துபோன செல்கள், மேலே வரும் வழியிலேயே உட்கருவை இழந்துவிடுகின்றன. கன்னத்தின் உள்பக்கம் எப்போதும் ஈரம், அங்கே அந்தக் காப்பு தேவையில்லை, உட்கருவோடேயே உதிர்கின்றன. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே வகைத் திசு இடத்துக்குத் தகுந்தபடி எப்படி மாறுகிறது என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம்.

கோழிக்கறி கண்டிப்பாக முடியும். மசாலா போடுவதற்கு முன்னால், உப்புத் தண்ணீரில் மட்டும் வேகவைத்த லெக் பீஸிலிருந்து அரிசி அளவு எடுங்கள். ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, இரண்டு ஊசிகளால் எதிரெதிராக இழுத்து இழுத்துப் பிரியுங்கள், இனி பிரிக்க முடியாது என்று தோன்றும்வரை பிரியுங்கள், அவசரப்பட்டால் கெட்டியான கட்டையாக இருந்து ஒளியே போகாது. சாயம் கொஞ்சமாகப் போட்டு 400-இல், டயாஃப்ரத்தை நன்றாக மூடிப் பார்த்தால் இழைக்குக் குறுக்கே மிக நெருக்கமான கோடுகள் தெரியும். ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோடு சுமார் இரண்டு மைக்ரான்தான், அதனால் பொறுமையாகச் சின்னத் திருகை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வரித்தசை என்று பாடத்தில் சொல்வது இந்த வரிகளைத்தான். ஒரே இழையில் பல உட்கருக்கள் ஓரமாக ஒட்டியிருப்பதையும் தேடச் சொல்லுங்கள், ஒரு செல்லுக்கு ஒரு உட்கரு என்று படித்த பிள்ளைக்கு அது நல்ல அதிர்ச்சி.

எனக்கு மிகவும் பிடித்தது குருத்தெலும்பு. கடையில் கோழி வெட்டும்போது நெஞ்செலும்பின் நுனியில் வெள்ளையாக, வளையக்கூடிய மென்னெலும்பு இருக்கும், கடைக்கார அண்ணனிடம் அதைத் தனியாகக் கேட்டால் கொடுத்துவிடுவார். வேகவைக்காமல் பயன்படுத்துங்கள். ஒரு கேரட்டை நீளவாக்கில் பிளந்து நடுவில் அதைச் செருகி, புது பிளேடை ஈரப்படுத்தி, கேரட்டோடு சேர்த்து முடிந்தவரை மெல்லிசாகச் சீவ வேண்டும். பிளேடு வேலை பெரியவர்களுடையது, பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம். பத்துச் சீவல் போட்டால் ஒன்றிரண்டு தேறும், முழுச் சீவலும் மெல்லிசாக இருக்க வேண்டிய அவசியமில்லை, ஓரம் மெலிந்திருந்தால் போதும். மெத்திலீன் நீலம் போட்டு 100-இல் பார்த்தாலே, அகலமான வெறும் பரப்புக்கு நடுவே சின்னச் சின்னக் குழிகளில் செல்கள் ஒன்றாகவோ ஜோடியாகவோ உட்கார்ந்திருப்பது தெரியும். அந்த வெறும் பரப்பு செல்களே சுரந்து வைத்த பொருள், இணைப்புத் திசுவில் செல்களைவிட அதுதான் அதிகம். ஷ்வானை நம்ப வைத்த காட்சியும் கிட்டத்தட்ட இதுதான். பச்சைக்கறியைத் தொட்ட கை, மேசை, ஊசி எல்லாவற்றையும் சோப்பால் கழுவ வேண்டும், சால்மோனெல்லா கிருமி விளையாட்டில்லை.

சைவ வீடு என்றால் கன்னமும் தோலும் வீட்டில் பார்த்துவிட்டு மீதிக்கு நிரந்தர ஸ்லைடு வாங்கிக்கொள்ளலாம். மீன் வாங்குகிறவர்கள் ரோகு மீனின் செதில் ஒன்றைக் கழுவி 4எக்ஸில் வைத்துப் பாருங்கள், வளர்ச்சி வளையங்களும், தோல் ஒட்டியிருக்கும் பக்கத்தில் கறுப்பு நிறமிச் செல்களும் சாயமே இல்லாமல் தெரியும்.

நரம்புத் திசுவை வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம், நிரந்தர ஸ்லைடுதான். இந்த ஸ்லைடுகளை எப்படிச் செய்கிறார்கள் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள்: திசுவை ஃபார்மலினில் போட்டு நிலைப்படுத்தி, ஆல்கஹாலில் தண்ணீரை வெளியேற்றி, பாரஃபின் மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்ற கருவியில் ஐந்து மைக்ரான் அளவுக்குச் சீவி, ஹிமடாக்ஸிலின், ஈயோசின் என்று இரண்டு சாயம் போடுவார்கள். உட்கரு ஊதா, மற்றதெல்லாம் இளஞ்சிவப்பு. திசுவின் நிறமே அதுதான் என்று பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள், அது சாயம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இன்னொரு குழப்பம், "இந்தச் செல்லில் உட்கரு இல்லையே" என்பது. வேகவைத்த முட்டையை நுனியில் சீவினால் மஞ்சள் கரு வராது, நடுவில் சீவினால் வரும், அதேதான் இங்கும் நடக்கிறது, கத்தி அந்தச் செல்லின் ஓரத்தில் போயிருக்கிறது.

வாங்குவதென்றால் எலும்புத் தசை நீள்வெட்டு, இதயத் தசை, குருத்தெலும்பு, எலும்பு குறுக்குவெட்டு, மாட்டுத் தண்டுவடத்தின் நரம்புச் செல், மனித ரத்தம், தவளை ரத்தம் ஆகிய இவ்வளவு போதும், ஐம்பது ஸ்லைடு பெட்டி வாங்கினால் ஒன்றையும் நின்று பார்க்க மாட்டார்கள். நரம்புச் செல்லைப் பார்த்த வாரத்தில் ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் இருக்கும் மூளை அருங்காட்சியகத்துக்கு அவளைக் கூட்டிப் போங்கள், நிஜ மனித மூளைகளைப் பார்க்கலாம், எப்போது திறந்திருக்கும் என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது. இந்திய அறிவியல் கழகம் வழக்கமாக ஆண்டுக்கு ஒரு நாள் பொதுமக்களுக்குத் திறந்துவிடும், அன்றைக்குக் கூட்டம் அதிகம்தான், ஆனாலும் ஆய்வகங்களின் உள்ளே போய் ஆராய்ச்சியாளர்களிடமே கேள்வி கேட்கலாம்.

கடைசியாக ரத்தம். விரலைக் குத்த வேண்டாம். வீட்டில் தனியாகச் செய்தால் ஆபத்து குறைவு என்று சிலர் சொல்வார்கள், ஆனால் தோழிகள் நாலு பேர் கூடியிருக்கும்போது ஒரே ஊசி கைமாறிவிடும், ஹெபடைடிஸ் பி அப்படித்தான் பரவும். கன்னத்துச் செல்லிலும் அவரவர் குச்சி, அவரவர் ஸ்லைடுதான். முடிந்ததும் குச்சியையும் ஸ்லைடையும் ஒன்றுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்த ப்ளீச்சில் அரை மணி நேரம் போட்டுவிட்டு அப்புறம் கழுவுங்கள். ரத்தத்துக்கு வாங்கிய இரண்டு ஸ்லைடுகளையும் எது தவளை, எது மனிதன் என்று சொல்லாமல் கொடுங்கள். ஒன்றில் பெரிய முட்டை வடிவச் சிவப்பணுக்கள், நடுவில் உட்கரு, நீளம் இருபது மைக்ரானுக்கு மேல். இன்னொன்றில் ஏழெட்டு மைக்ரான் வட்டங்கள், உட்கருவே இல்லை, நடுப்பகுதி வெளிறியிருக்கும். பாலூட்டிகளின் சிவப்பணு முதிரும்போது உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது, ஆக்ஸிஜன் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கு அந்த இடமும் கிடைக்கிறது, ஆனால் தன்னைச் சரிசெய்துகொள்ள முடியாமல் சுமார் 120 நாளில் முடிந்துவிடுகிறது. எலும்பு மஜ்ஜை புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டியிருப்பது அதனால்தான்.

முதலில் கன்னமும் செல்லோடேப்பும் செய்யுங்கள், கோழி அடுத்த வாரம். குருத்தெலும்புச் சீவல் சரியாக வரவில்லையென்றால் போனில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், தடிமன் பிரச்சினையா சாயப் பிரச்சினையா என்று பார்த்துச் சொல்கிறேன்.